என் தப்பை எடுத்துக்கொண்டு போன கூட்டம்

1

நம் சித்தூர்க்காரர்கள் வாட்ஸாப் குழுவில் வாழ்த்துச் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பூங்கொத்துப் படம், கைகூப்பும் படம், ஏழுமலையான் படம் எல்லாம் வந்து சேர்ந்தன. எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்பதை என் வீட்டுக்காரர் பாஸ்கர்தான் அவசரப்பட்டு அறிவித்தார். நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். "எப்படி சாதிச்சீங்க மேடம்? நம்ம பக்கத்து டீச்சருங்களுக்கு நாலு வரி எழுதுங்க" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். நீங்கள் எதிர்பார்க்கிற நாலு வரியாக அது இருக்காது.

என்னைத் தெரியாதவர்களுக்காக: என் பெயர் ரேணுகா. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், கங்காதர நெல்லூர்ப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். அங்கே இருந்த காலம் முழுக்க ஒப்பந்த வேலைதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்த வருஷம் நீட்டிப்பார்களா, மாட்டார்களா என்று காத்துக்கொண்டு நின்றவள். இப்போது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், மழையும் பார்சல் கிடங்குகளும் மட்டுமே விளைகிற ஒரு சின்ன நகரத்தில், கணக்கு டீச்சர். பாஸ்கர் அந்தக் கிடங்குகளில் ஒன்றில் பெட்டி அடுக்குகிறார். திருப்பதியில் வண்டி ஷோரூமில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கணக்கு எழுதிய மனுஷன்.

இந்த நாட்டில் கணக்கு டீச்சருக்குப் பஞ்சம். அதனால்தான் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட பள்ளிக்கூடம்தான் எங்கள் விசாவுக்குப் பொறுப்பு. பள்ளி என்னை வேண்டாம் என்று சொன்னால், இரண்டு மாதத்துக்குள் வேறு பள்ளி பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாவிட்டால் நான், பாஸ்கர், மகள் தேஜஸ்வினி மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். தேஜுவுக்கு அடுத்த வருஷம் பெரிய பரீட்சை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் நான் செய்ததைப் படித்துவிட்டு 'சீ' என்று சொல்லத் தோன்றும்போது இதுவும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

2

ஆந்திராவில் தமிழ் மீடியம் டீச்சராக இருப்பது என்னவென்று சித்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பயிற்சி வகுப்பு தெலுங்கில். சுற்றறிக்கை தெலுங்கில். தமிழ்ப் புத்தகம் மட்டும் எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகு, தசராவை ஒட்டி, ஆடி அசைந்து வரும். ஒரு பள்ளிக்கு ஒரே ஒரு தமிழ்க் கணக்கு டீச்சர். பாடம் நடக்கவில்லை என்றால் பக்கத்து அறையில் போய் ஏன் என்று கேட்கக்கூட ஆள் கிடையாது.

'இதே பாடத்தை நகரியில் நான் நடத்துகிறேன், சத்தியவேட்டில் கோமளா நடத்துகிறாள், கங்காதர நெல்லூரில் நீ நடத்துகிறாய். தனித்தனியாகச் சுவரில் முட்டிக்கொள்வானேன்?' என்று ஆரம்பித்து வைத்தவர் முனிரத்தினம். நகரிப் பள்ளியில் கணக்கு வாத்தியார். என்னைவிட இரண்டு வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர், கோமளா, நான், இன்னும் ஏழெட்டுப் பேர். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் கூடுவோம். மேலிடத்து உத்தரவு கிடையாது, பயணப்படி கிடையாது. நான் சித்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போவேன்.

கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. அவரவர் வகுப்பில் அதிகம் பேர் செய்த தப்பு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். நல்ல விடையைக் கொண்டுவந்து காட்டி மெச்சிக்கொள்ளக் கூடாது. பேச்சை ஆரம்பிக்கும்போது "இது என்னாலதான் வந்துச்சி" என்று சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். 'பசங்க சரியில்லை' என்று ஆரம்பித்தால் அன்றைக்கு எல்லார் டீ டம்ளரையும் அவர்தான் கழுவ வேண்டும். தப்பே இல்லை என்று வெறுங்கையோடு வந்தவரை முனிரத்தினம் லேசில் விடமாட்டார். "இன்னா சார், உங்க கிளாஸ்ல அத்தினி பேரும் கலெக்டருங்களா? அப்ப எதுக்கு இம்மாந்தூரம் வந்துக்கினு இருக்கீங்க?" என்பார். அடுத்த மாதம் அந்த சார் இரண்டு தப்போடு வந்துவிடுவார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எனக்கு நடந்தது. என் வகுப்பில் பாதி, மாந்தோப்பு வீட்டுப் பிள்ளைகள். பங்காருபாளையம் மண்டிக்கு அப்பாவோடு டிராக்டரில் போய் வருகிறவர்கள். சதவீதம் என்று சொன்னால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி விழித்தார்கள். சரி, மண்டியையே பிடிப்போம் என்று பிடித்தேன். காய் அழுகும், வாடும் என்று சொல்லி வியாபாரி எடையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார் இல்லையா, எங்கள் பக்கம் அதற்குத் தருகு என்று பேர். நூறு கிலோவுக்குப் பத்து கிலோ தருகு போனால் மிச்சம் எவ்வளவு? வகுப்பே கூரை இடிந்து விழுகிற மாதிரி கத்தியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பரீட்சையில், 'கூலி பத்து சதவீதம் உயர்ந்தால் புதிய கூலி என்ன?' என்று ஒரு கணக்கு. வகுப்பில் முக்கால்வாசி கழித்து வைத்திருந்தது. சேகர் என்று ஒரு பையன். உயர்ந்தது என்றுதானே போட்டிருக்கிறது, ஏன்டா கழித்தாய் என்று கேட்டேன்.

"பர்சென்ட்டுன்னா கொறஞ்சி பூட்றதுதானே மேடம்? மண்டிக்குப் போனா எங்க நைனாவுக்கு எப்பவும் பத்து பூடுது. எங்க ஏறுது?"

அதை அப்படியே புத்தூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். "இது என்னாலதான் வந்துச்சி. சதவீதத்தை நான் தருகுல மட்டும் காட்டினேன்" என்று ஆரம்பித்தேன். முனிரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, எங்க ஊர்ல தலைகீழு. அத்தினியும் தறிக்காரங்க வூட்டுப் புள்ளைங்க. பர்சென்ட்டுன்னா கூலி ஏத்திக் குடுன்னு கேக்கறதுதான் அதுங்களுக்குத் தெரியும். தள்ளுபடி கணக்கு குடுத்தா கூட்டி வெச்சிக்கினு வருதுங்க!"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கோமளாவுக்குப் புரையேறிவிட்டது. சிரித்து முடித்துவிட்டு வேலையைப் பார்த்தோம். மண்டியையும் தறியையும் ஒரே பீரியடில் எதிரெதிராக வைத்து நடத்துவது என்று முடிவு. கோமளா முதலில் நடத்திப் பார்த்தாள், ஓர் இடத்தில் சறுக்கியது. அதைத் திருத்தி நான் நடத்தினேன். அதையும் திருத்தி முனிரத்தினம் நடத்தினார். மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் பள்ளிகளில் அந்தத் தப்பு தேடினாலும் கிடைக்கவில்லை. என் வாழ்க்கையில் வேலை என்று நான் செய்தது அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

3

இங்கே என் பள்ளி தனிப் பள்ளி இல்லை. ஒரே நிர்வாகத்தின் கீழ் பல ஊர்களில் பல பள்ளிகள். ஒவ்வொரு பருவத்திலும் எல்லாப் பள்ளிக் கணக்கு டீச்சர்களும் ஓர் இடத்தில் கூடி, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டு, தொடர்ந்து மேம்பட வேண்டுமாம். அழைப்பு மின்னஞ்சலில் அப்படித்தான் இருந்தது. 'உங்கள் வகுப்பறையிலிருந்து ஏதாவது ஒன்றைக் கொண்டுவாருங்கள்' என்றும் இருந்தது. அதை இன்னொரு தடவை படித்தேன். அட, புத்தூர் எனக்கு முன்னாலேயே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன். பாஸ்கரிடம் சொன்னேன். அவர் "டீ குடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கொண்டுபோக என்னிடம் தப்பு இருந்தது. அதுவும் எப்பேர்ப்பட்ட தப்பு! இங்கே கடைத்தெரு முழுக்கத் தள்ளுபடிச் சீட்டு தொங்குகிறது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் பழக்கம் என்று சதவீதத்தை நான் அந்தச் சீட்டுகளை வைத்தே நடத்தினேன். பேருந்துக் கட்டணம் பத்து சதவீதம் உயர்ந்தால் என்று கேட்டதும் பாதி வகுப்புக்கு மேல் கழித்துவிட்டது. எமிலி என்று ஒரு பெண். பன்னிரண்டு வயது இருக்கும். பேசவே மாட்டாள். அன்றைக்குத்தான் வாயைத் திறந்து, "சதவீதம் என்றால் விலையைக் குறைப்பதுதானே, மிஸ்?" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதெல்லாம் இங்கே கூடாது. சேகரின் தங்கச்சி இங்கே பிறந்திருக்கிறாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கூட்டம் ஒரு ஓட்டலின் மாநாட்டு அறையில். கம்பளம், குவளை குவளையாகக் காப்பி, சுவரில் 'ஒன்றாகக் கற்போம்' என்று பெரிய எழுத்து. ஒவ்வொருவராக எழுந்து திரையில் படம் போட்டார்கள். ஒவ்வொரு படத்திலும் கட்டங்கள். நன்றாகப் படிக்கிற இடம் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. திரை முழுக்கப் பச்சைதான், ஆடி மாதத்து நாற்றங்கால் தோற்றது. எங்காவது ஒரு மூலையில் மஞ்சள் இருந்தால், அது போன டீச்சர் காலத்தது என்று விளக்கம் வந்தது.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவர்கள் முதலில் நல்லதைச் சொல்லிவிட்டு அப்புறம் தப்புக்கு வருவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தது. எழுந்தேன். புத்தூர் வழக்கப்படி ஆரம்பித்தேன்.

"இந்தத் தப்பு என்னால்தான் வந்தது."

எங்கள் கூட்டத்தில் அது வணக்கம் சொல்கிற மாதிரி. அதைச் சொன்னதும் எல்லாரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். இங்கே ஒரு நாற்காலியும் நகரவில்லை. நான் தள்ளுபடிச் சீட்டுக் கதையைச் சொன்னேன். எமிலி கேட்டதைச் சொன்னேன். மண்டி, தறி எல்லாம் சொன்னேன். உங்கள் பள்ளிகளிலும் இது இருக்கும், சேர்ந்து ஒரு மாதம் முயற்சி செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். எல்லாரும் கையில் இருந்த காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பள்ளிக் கணக்குத் துறைத் தலைவி ஹெலன், நல்ல பெண்மணி, கோபமாக ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை, அவள்தான் கடைசியில் புன்னகையோடு, "உங்கள் வெளிப்படைத்தன்மைக்கு நன்றி, ரேணுகா" என்றாள். பக்கத்தில் ஒருத்தி மடிக்கணினியில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

இடைவேளையில் வேறு பள்ளி டீச்சர் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டே, "என் வகுப்பும் அப்படித்தான். அப்படியே அதே தப்பு" என்றார். "அப்போது உள்ளே சொல்லியிருக்கலாமே?" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

4

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை. அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. எனக்கு 'ஆதரவுத் திட்டம்' ஒன்று வகுத்திருக்கிறார்களாம். படித்ததும் நான் மடச்சி, என் யோசனையை ஆதரிக்கிறார்கள் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். இரண்டாவது பத்தியில்தான் விஷயம் இருந்தது. வகுப்பில் பாதிப் பேருக்குப் பாடம் போய்ச் சேரவில்லை என்று நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆகவே வாரம் ஒருமுறை என் வகுப்பில் ஆள் உட்கார்ந்து கவனிப்பார். என் தகுதிகாண் காலம் நீட்டிக்கப்படுகிறது. பருவத்தின் முடிவில் முன்னேற்றம் தெரியாவிட்டால் வேலை தொடராது.

பணியாளர் பிரிவில் ஒரு பெண்ணைப் போய்ப் பார்த்தேன். மேஜையில் தண்ணீரும் காகிதக் கைக்குட்டையும் தயாராக வைத்திருந்தாள். "யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் வார்த்தைகளைத்தான் பதிவு செய்திருக்கிறோம்" என்றாள். அது எங்கள் ஊர் வழக்கம், பேச்சைத் தொடங்குகிற முறை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். அதையும் தட்டிக்கொண்டாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர்கள்மேல் பாதி, என்மேல் பாதி. கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொள்ள எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? புத்தூரில்தான் கற்றுக்கொண்டேன். நல்ல பழக்கம் என்று நினைத்து, பெட்டியில் பொடியும் ஊறுகாயும் கொண்டுவந்த மாதிரி இதையும் கொண்டுவந்தேன்.

வீட்டில் சொன்னபோது பாஸ்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"யாரு உன்ன கேட்டாங்க? எல்லாரும் வாய மூடிக்கினு கீறாங்க இல்ல, நீயும் மூடிக்கினு இருந்தா ஆவாதா? சொந்தச் செலவுல சூனியம் வெச்சிக்கினு வந்துகீற. இங்க வந்துமா உன் புத்தூர் பஞ்சாயத்து?"

"தப்ப தப்புன்னு சொன்னேன். அது ஒரு குத்தமா?"

"குத்தந்தான். ஊர்ல அது குத்தமில்ல. இங்க குத்தம். எனக்கு இன்னா வருது? பெட்டி தூக்கறவன். உன் விசாவுலதான் நான் நிக்கறேன், தேஜு நிக்கறா."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. குரல் நடுங்கியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தேஜு மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் 'நைனா' போய் 'டேட்' வந்து கொஞ்ச நாளாகிறது. பாஸ்கரும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். "மம், ஸ்கூல்ல நாங்ககூட அப்படிச் சொல்ல மாட்டோம்" என்றாள். "ஐ காட் இட் ராங்னு சொன்னா செட் மாத்திடுவாங்க. சுமாரா படிக்கறவங்க இருக்கற கீழ் செட்டுக்குத் தள்ளிடுவாங்க. புரியலன்னாலும் தலையாட்டணும். யூ டோன்ட் நோ ஹவ் இட் வொர்க்ஸ்." என் மகளுக்கு எது புரியவில்லை, எத்தனை நாளாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் கவலையில் அதைக் கேட்கவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை முனிரத்தினத்துக்குப் போன் போட்டேன். அவர் ஒருவராவது என் பக்கம் பேசுவார் என்று நம்பினேன். அவர் திருப்பதியிலிருந்து நகரிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் கண்டக்டர் தெலுங்கில் சத்தம் போடுவது கேட்டது.

"திருப்பதில இன்னா வேல ஞாயித்துக்கெழம?" என்றேன்.

"மீட்டிங்குக்கா. நம்ம கூட்டம் இப்ப புத்தூர்ல நடக்கல, தெரியாதா? மேல இருக்கறவங்க கண்ணுல பட்டுடுச்சி. ரொம்ப நல்லா கீது, எல்லா மண்டலத்துக்கும் வைக்கலாம்னு சொல்லி ஏசி ஹால்ல வெச்சிட்டாங்க. பேனர், சால்வை, மைக் எல்லாம் ஜோரு. ஒரு ஆப்பும் குடுத்துக்கீறாங்க. மாசாமாசம் போட்டோவோட ஏத்தணும். எந்த ஸ்கூல் முன்னால, எந்த ஸ்கூல் பின்னாலன்னு ரேங்க் வருது."

"தப்பு சொல்றது?"



"கோமளாதான் மொத மீட்டிங்குல நம்ம வழக்கப்படி எழுந்து, 'இது என்னாலதான் வந்துச்சி'ன்னு ஆரம்பிச்சா. அடுத்த வாரம் அவளுக்கு மெமோ. உங்க வகுப்பு ஏன் பின்தங்கிடுச்சின்னு விளக்கம் கேட்டு. அதோட அவ வாயத் தொறக்கல. யாருமே தொறக்கல. இப்பல்லாம் 'அந்தா பாகுந்தி'ன்னு ஏத்திட்டு, குடுக்கற டிபன துன்னுட்டு வந்துக்கினு கீறோம். எல்லாம் நல்லா கீதுன்னா அவங்களுக்கும் சந்தோஷம், நமக்கும் தொல்ல இல்ல."

நான் என் கதையைச் சொன்னேன். ஓட்டல், பச்சைக் கட்டம், மின்னஞ்சல், விசா எல்லாவற்றையும். குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை.

"அக்கா, பச்சையே போட்டுக் குடுத்துட்டு வந்துடு."

"நீயா சொல்ற முனிரத்தினம்?"

"நான்தான் சொல்றேன். புள்ள படிப்பு கீது, அண்ணன் கீறாரு. நீ ஒருத்தி நேர்மையா நின்னு இன்னா ஆவப்போவுது? எனக்கும் ரெண்டு புள்ளைங்க. நான் இன்னைக்கு இன்னா ஏத்தினேன் தெரியுமா? எங்க ஸ்கூல்ல சதவீதம் நூத்துக்கு நூறு பேருக்கும் வந்துடுச்சின்னு."

"வந்துச்சா?"

"நகரி வந்துடுச்சிக்கா, நான் எறங்கணும்."

நகரி வர இன்னும் நேரம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்டக்டர் அப்போதுதான் புத்தூர் பேரைச் சொல்லி ஆள் இறக்கிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு ஊர்மேல் வந்த கசப்பு இந்த நாட்டின்மேல்கூட வந்ததில்லை. இவர்கள் எனக்கு அந்நியர்கள், இவர்களிடம் நான் எதையும் ஒப்படைத்துவிட்டு வரவில்லை. ஊரில் அந்தக் கூட்டத்தை ஒப்படைத்துவிட்டு வந்திருந்தேன்.

6

அப்புறம் நடந்ததுதான் நீங்கள் கேட்ட சாதனை.

தேஜு எனக்குப் படங்கள் செய்து கொடுத்தாள். 'தப்பு' என்கிற சொல்லே அதில் கிடையாது. 'அடுத்த கட்டம்', 'வளர்ச்சிக்கான இடம்' என்று அழகழகான சொற்கள். நான் சொல்லச் சொல்ல உச்சரிப்பைத் திருத்தினாள். ஊரில் நான் அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த அதே கண்டிப்பு. கேள்விகளை எந்தப் பிள்ளையிடம் கேட்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டேன். சட்டென்று சரியான விடை சொல்லக்கூடிய நாலைந்து பேர் எந்த வகுப்பிலும் உண்டு. அவர்கள் பக்கமாகவே நின்றுகொண்டு பாடம் நடத்தப் பழகினேன். கவனிக்க வந்தவர்கள் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக மகிழ்ந்தார்கள். மஞ்சள் பச்சையானது. ஹெலன் என் தோளைத் தொட்டு, "எவ்வளவு மாறிவிட்டீர்கள்!" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

ஒன்று சொல்ல வேண்டும். மண்டியும் தறியும் மாதிரி, தள்ளுபடிச் சீட்டையும் பேருந்துக் கட்டணத்தையும் எதிரெதிராக வைத்து, யாரும் கவனிக்க வராத நாட்களில் பிள்ளைகளுக்கு நடத்திக்கொண்டுதான் இருந்தேன். எமிலி முன் வரிசைக்கு வந்து உட்கார ஆரம்பித்திருந்தாள். கை தூக்க ஆரம்பித்திருந்தாள். என் வேலை முழுக்கப் பொய் இல்லை என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அவள்தான்.

கடைசிக் கவனிப்பு நாள். தலைமையாசிரியரே வந்து பின்னால் உட்கார்ந்தார், பக்கத்தில் ஹெலன். பாடம் வழுக்கிக்கொண்டு போனது. நூறு பத்து சதவீதம் உயர்ந்தால்? நூற்றுப்பத்து. இருநூறு பத்து சதவீதம் குறைந்தால்? நூற்றெண்பது. சொல்ல வேண்டியவர்கள் சொன்னார்கள். மணி அடிக்கக் கொஞ்சம்தான் இருந்தது. எமிலி கை தூக்கினாள். பார்க்காத மாதிரி இருந்தேன். கையை இறக்கவில்லை. பேர் சொல்ல வேண்டியதாயிற்று.

"மிஸ், நான் எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன்" என்றாள். "நூறைப் பத்து சதவீதம் கூட்டினேன். நூற்றுப்பத்து வந்தது. அதையே பத்து சதவீதம் குறைத்தேன். திரும்ப நூறு வர வேண்டும்தானே? எனக்குத் தொண்ணூற்றொன்பது வருகிறது."

படிக்கிறவர்களில் கணக்கு டீச்சர்கள் இருந்தால் இப்போதே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டிருப்பீர்கள். அவள் செய்தது தப்பே இல்லை. இரண்டாவது பத்து சதவீதம் நூற்றுப்பத்தில் எடுத்தது, அதனால் தொண்ணூற்றொன்பதுதான் வரும். நான் கேட்காத கேள்வியை அவளாகக் கேட்டு, அவளாகப் போட்டு, விடை விசித்திரமாக இருக்கிறதே என்று பயந்து, எல்லார் முன்னாலும் எழுந்து சொல்கிறாள். புத்தூராக இருந்தால் அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை பேசியிருப்போம்.

வகுப்பு குழம்ப ஆரம்பித்தது. "நூறுதானே வரணும்" என்று இரண்டு பேர். "வரலையே" என்று இன்னொருவன். சரியாகச் சொல்கிற என் நாலைந்து பேரும் விழித்தார்கள். இதைத் தீர்க்க அரை மணியாவது வேண்டும். மணி அடிக்கிறவரை வகுப்பில் ஒருவருக்கும் ஒன்றும் புரியாதது போலத்தான் பின்னால் இருக்கிறவர்களுக்குத் தெரியும். தலைமையாசிரியர் தலை நிமிர்ந்து பார்த்தார். பாஸ்கரின் குரல் நடுங்கியது எனக்கு ஞாபகம் வந்தது.

"நன்றி, எமிலி. அதைப் பிறகு பார்க்கலாம்" என்றேன். சொல்லிவிட்டு, சரியாகச் சொல்லக்கூடியவனிடம் சுலபமான கேள்வி ஒன்றைக் கேட்டேன். அவன் சொன்னான். மணி அடித்தது.

அறிக்கை வந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பச்சை. 'குழப்பமான தருணத்தை ஆசிரியை திறமையாகக் கையாண்டார்' என்று தனியாக ஒரு வரி. வேலை நிரந்தரம். பாஸ்கர் கோயிலுக்குப் போவது போல் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து அந்தக் கடிதத்தைப் படித்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தபோது நான் செய்தது சரி என்றுதான் தோன்றியது. இன்னொரு தடவை அதே நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆனால் 'பிறகு' என்று சொல்லியிருந்தேனே. அடுத்த வகுப்பில் பின் இருக்கைகள் காலியாக இருந்தன, யாரும் கவனிக்க வரவில்லை. முதல் வேலையாக, "போன வகுப்பில் யாருக்கு விடை விசித்திரமாக வந்தது?" என்று கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. எமிலி பழைய இடத்துக்கு, கடைசி வரிசைக்குப் போயிருந்தாள். நானே அவள் மேஜைக்குப் போனேன். தாளில் தொண்ணூற்றொன்பதை அழுத்தி அழித்திருந்தாள், காகிதம் அந்த இடத்தில் மெலிந்திருந்தது. அதன் மேல் நூறு என்று எழுதியிருந்தாள்.

குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். "எமிலி, நீ முதலில் போட்டதுதான் சரி. அது தப்பே இல்லை. வா, ஏன் அப்படி வந்தது என்று எல்லாருக்கும் சொல்லு."

அவள் தாளின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். மரியாதையாகத்தான் சிரித்தாள்.

"பரவாயில்லை மிஸ். நான் திருத்திவிட்டேன்."